எர்த் குழிக்கு யாரு தண்ணி ஊத்துனது?

இந்த எபிசோட் ஒரு ஜோடி ரப்பர் செருப்புல இருந்து ஆரம்பிக்குது.

பொதட்டூர்பேட்டையில எங்க பாட்டி வீட்டுல, ஃபிரிட்ஜ் பக்கத்துல எப்பவும் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ தண்ணி பாட்டில் எடுக்கப் போனேன். பாட்டி உள்ளே இருந்து சத்தம் போட்டாங்க: "கண்ணு, செருப்ப மாட்டிக்கினு தொற. சுருக்குன்னு இழுக்கும்."

எத்தனை நாளா இப்படி? "அது ஆவுது ரெண்டு வருஷம்."

நான் படிச்சது இன்ஜினியரிங். ஆனா வேலை பார்ப்பது சாஃப்ட்வேர்ல. ஆபீஸ்ல ஒரு சர்வர் ரெண்டு நிமிஷம் படுத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விடுவாங்க. இங்க ஒரு வீடே ரெண்டு வருஷமா ஷாக் அடிக்குது, அதுக்குக் கண்டுபிடிச்ச தீர்வு செருப்பு. இது எப்படி ஆச்சுன்னு தேடினதுதான் இன்னைக்குக் கதை.

தறி ஊருக்கு வந்த கரன்ட்

பொதட்டூர்பேட்டை தெரியாதவங்களுக்கு: திருத்தணி பக்கம், பள்ளிப்பட்டு தாலுகா, ஆந்திரா எல்லை. தெருவுக்குள்ள நடந்தா விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்தப் பகுதி ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்துச்சு. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தலைமையில நடந்த பேச்சுவார்த்தை, இதுக்கெல்லாம் பிறகுதான் திருத்தணி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது.

மாநிலத்துல மின்சாரத்தோட கதையும் கிட்டத்தட்ட அதே காலம்தான். பைகாரா நீர்மின் நிலையம் 1932, மேட்டூர் 1937. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று உருவாச்சு. 1956-ல வந்த இந்திய மின்சார விதிகள்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு ரூல் புக்.

தறி இருக்கிற வீட்டுல கரன்ட்டுங்கிறது லைட்டும் ஃபேனும் மட்டும் இல்ல, சோறு. மோட்டார் நின்னா கூலி நிக்கும். அதனால தாத்தா மெயின் போர்டைச் சாமி மாடம் மாதிரி பார்த்துக்குவாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, விதிப் புத்தகத்தைப் பார்த்ததும் கிடையாது. ஆனா ரெண்டு வேலையை விடாம செய்வாரு. ஃபியூஸ் கம்பி ஒண்ணு, எர்த் குழி இன்னொண்ணு.

ஃபியூஸ் கம்பி

90-கள்ல பிறந்தவங்களுக்கு அந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை ஞாபகம் இருக்கும். ஐடியா சிம்பிள்: வீட்டு வயரிங்கிலேயே வேணும்னே ஒரு பலவீனமான இடத்தை வைக்கிறோம். கரன்ட் அளவு மீறினா முதல்ல உருகுறது அதுவாத்தான் இருக்கணும். எடிசன் 1890-லேயே இதுக்கு ஒரு பேடன்ட் வாங்கியிருக்காரு.

5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியோட தடிமன் 0.2 மில்லிமீட்டர்தான். 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. தாத்தா ரெண்டையும் தனித்தனி அட்டையில சுத்தி வெச்சிருப்பாரு. ஃபியூஸ் போனா உடனே மாத்த மாட்டாரு. "ஏன் போச்சு"ன்னு முதல்ல பார்ப்பாரு.

தாத்தா காலத்துக்கு அப்புறம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்துச்சு, கிரைண்டர் வந்துச்சு, ஹீட்டர் வந்துச்சு. அடிக்கடி ஃபியூஸ் போச்சு. மாமா ஒரு நாள் கடுப்பாகி, பழைய கேபிள்ல இருந்து தடியான காப்பர் கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டிட்டாரு. அதுக்கு அப்புறம் ஃபியூஸ் போகவே இல்ல. பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க.

நம்ம பாஷையில சொன்னா, அலாரம் அடிக்குதுன்னு அலாரத்தை ஆஃப் பண்ணிட்டாங்க. இனிமே ஓவர்லோடு ஆனா முதல்ல உருகப்போறது சுவத்துக்குள்ள இருக்கிற வயர்தான்.

எர்த் குழி

சரி, ஷாக் ஏன்? அதுக்குப் பின்கட்டுக்குப் போகணும்.

அந்தக் கால எர்த் எப்படின்னா, ஆழமாக் குழி தோண்டி, அதுல ஒரு பைப்பையோ தகட்டையோ இறக்கி, சுத்தி கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடுவாங்க. ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த மண்ணு கரன்ட்டை நல்லா வாங்கிக்கும். காய்ஞ்சா வாங்காது. அதனால வெயில் காலத்துல குழிக்குத் தண்ணி ஊத்தணும். தாத்தா பங்குனி பொறந்தா வாரம் ஒரு குடம் ஊத்துவாரு. சின்ன வயசுல நான் அது ஏதோ செடிக்குன்னு நினைச்சிருக்கேன்.

அவர் செஞ்சது எவ்வளவு சரின்னு இப்போதான் புரியுது. மின்சாரம் கொடுக்கிறவங்க தங்களோட எர்த்தை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சோதிக்கணும், அதையும் வறண்ட காலத்துல, மழை இல்லாத நாள்ல சோதிக்கணும்னு 1956 விதிகள் சொல்லுச்சு. ஏன்னா மழை நாள்ல எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான்.

சின்னக் கணக்கு ஒண்ணு. 230 வோல்ட். எர்த்தோட தடை 2 ஓம்னா, ஃபிரிட்ஜ் பாடியில கரன்ட் பட்ட உடனே சுமார் 115 ஆம்பியர் பாயும். ஃபியூஸ் கண்ணிமைக்கிற நேரத்துல போயிடும். மண்ணு காய்ஞ்சு 50 ஓம் ஆயிட்டா? 4.6 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது சாதாரண லோடு. ஃபிரிட்ஜ் பாடி கரன்டோட அப்படியே நிக்கும்.

எங்க வீட்டுல அதைவிட மோசம். தாத்தா போனப்புறம் பின்கட்டுக்கு சிமென்ட் போட்டாங்க. குழி அதுக்கு அடியில போயிடுச்சு. எர்த் கம்பி சுவத்தோரம் துருப்பிடிச்சு அறுந்து தொங்குது. யாரும் கவனிக்கல. ஏன்னா எர்த் இல்லாமலும் ஃபேன் சுத்தும், தறி ஓடும். அது வேலை செய்யலைங்கிறது அது தேவைப்படுற நாள்லதான் தெரியும்.

300 மடங்கு

இன்னொரு உண்மை. ஃபியூஸ், அதுக்கு அப்புறம் வந்த எம்.சி.பி., ரெண்டுமே வயரைக் காப்பாத்தத்தான். எம்.சி.பி.க்கு ஜெர்மனியில ஹூகோ ஸ்டோட்ஸ் 1924-ல பேடன்ட் வாங்கினாரு. மனுஷனைக் காப்பாத்துறது வேற பொருள்.

கலிஃபோர்னியாவில, பெர்க்லி பல்கலைக்கழகத்துல சார்ல்ஸ் டால்சீல்னு ஒரு பேராசிரியர். விருப்பப்பட்டு வந்தவங்க கையில கரன்ட் பாய்ச்சி, எவ்வளவு ஆனா கையை விட முடியாமப் போகுதுன்னு அளந்தாரு. ஆண்களுக்குச் சராசரியா 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. 5 ஆம்பியர் ஃபியூஸ் அதுல 300 மடங்குக்கும் மேல! ஃபியூஸ் அசையுறதுக்குள்ள ஆள் போயிடுவாரு.

அதுக்காக 1961-ல டால்சீல் ஒரு கருவி செஞ்சாரு. போற கரன்ட்டும் திரும்பி வர்ற கரன்ட்டும் சமமான்னு பார்க்கும். கொஞ்சம் குறைஞ்சாலும் சப்ளையைக் கட் பண்ணிடும். நம்ம வீடுகள்ல ஆர்.சி.சி.பி.ன்னு மாட்டுறது அந்தக் குடும்பம்தான், 30 மில்லி ஆம்பியர்ல.

காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். புது எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எல்லாம் மாட்டி ஃபிரிட்ஜைச் சொருகினாரு. டப்புன்னு ட்ரிப் ஆச்சு. ஃபிரிட்ஜைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தா எலி கடிச்ச வயர் பாடியில உரசிக்கிட்டு இருக்கு. ரெண்டு வருஷமா பாட்டி தொட்டுக்கிட்டு இருந்தது அதைத்தான்.

மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். தாத்தா அந்த வேலையைச் செஞ்சாரே தவிர, ஏன்னு யார்கிட்டயும் சொல்லல. நாங்களும் கேட்கல.

இந்த வாரம் நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க வீட்டு போர்டுல ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல 'டி'ன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும், அழுத்துங்க. உடனே கரன்ட் போகணும். போகலன்னா, இல்ல ஆர்.சி.சி.பி.யே இல்லன்னா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மாசம் ஒரு தடவை இதைச் செய்யலாம்.

ஊருக்கு நான் மாசம் ஒரு தடவை போக முடியாது. பாட்டிகிட்ட அந்தப் பட்டனைக் காட்டிக் கொடுத்திருக்கேன். அமாவாசைக்கு அமாவாசை அழுத்துறாங்களாம். செருப்பு மட்டும் இன்னும் அங்கேயே கிடக்குது. "இருக்கட்டும் கண்ணு"ன்னுட்டாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.