உப்பின் கணக்கு: திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் கழிவுக் குறைப்பு வேரூன்றிய வரலாறு

பருத்திப் பின்னலாடைக்குச் சாயமேற்றும் தொட்டியில் தண்ணீருக்கு அடுத்தபடியாக அதிகம் கொட்டப்படும் பொருள் உப்பு. நீரில் நனைந்த பருத்தியிழை எதிர்மின் தன்மை கொண்டது. அதில் ஏற வேண்டிய ரியாக்டிவ் சாயமும் அதே தன்மை கொண்டது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலகலைத் தணித்துச் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதே உப்பின் வேலை. வேலை முடிந்ததும் துணியில் அது தங்குவதில்லை. போட்ட உப்பு முழுவதும் சாக்கடைக்கு வந்துவிடும். 1956-இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் ரியாக்டிவ் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் போகாத, பளிச்சென்ற நிறங்கள் பருத்திக்குக் கிடைத்தன. அவற்றோடு இந்த உப்புச் சிக்கலும் வந்து சேர்ந்தது.

கழிவு பிறந்தபின் சுத்திகரிப்பதைவிட, பிறக்கும் இடத்திலேயே குறைப்பது மலிவு என்ற எண்ணம் தொழில்துறையில் கொள்கை வடிவம் பெற்றது 1975-இல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த 3எம் நிறுவனம், ஜோசப் லிங் என்ற பொறியாளரின் முன்முயற்சியில், மாசைத் தடுத்தால் லாபம் என்பதையே பெயராகக் கொண்ட திட்டமொன்றைத் தொடங்கியது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதைத் 'தூய்மையான உற்பத்தி' என்ற பெயரில் உலகெங்கும் எடுத்துச் சென்றது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டின் மாசுக் குறைப்புக் கொள்கை அறிக்கை, கழிவைத் தோன்றும் இடத்திலேயே தடுப்பதை வலியுறுத்தியது. அடுத்த ஆண்டு ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் தேசிய உற்பத்தித்திறன் குழுவும் சேர்ந்து 'டிசயர்' என்ற மாதிரித் திட்டத்தை நடத்தின. காகிதம், பூச்சிமருந்து ஆகியவற்றோடு துணிச் சாயமேற்றலும் அதில் இடம்பெற்றது. ஒழுகும் குழாயை அடைப்பது, அலசலை ஒழுங்குபடுத்துவது, நீராவி வீணாகாமல் பார்ப்பது போன்ற செலவு குறைந்த வழிகளாலேயே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம் என்பது இத்தகைய திட்டங்கள் திரும்பத் திரும்பக் காட்டிய முடிவு.

முடிவு சரிதான். ஆனால் அதே பத்தாண்டில் திருப்பூரில் நடந்தது வேறு.

1980-களின் நடுப்பகுதிக்குப் பின் பனியன் ஊர் ஏற்றுமதி ஊரானது. நூற்றுக்கணக்கில் பெருகிய சாய, சலவைப் பட்டறைகளில் அன்று இருந்தவை பெரும்பாலும் வின்ச் தொட்டிகள். திறந்த தொட்டியில், மேலே சுழலும் உருளை துணியை இழுத்து இழுத்து நீரில் தோய்க்கும். ஒரு கிலோ துணிக்குப் பதினைந்து, இருபது லிட்டர் நீர் பிடிக்கும். உப்பு துணியின் எடைக்குப் போடப்படுவதில்லை, நீரின் அளவுக்குப் போடப்படுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்தால், இருபது லிட்டர் நீருக்கு 1,200 கிராம் உப்பு: துணியைவிட உப்பு கனம். அந்தக் காலத்தில் உப்பு மலிவு. தண்ணீரோ சுற்றுக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரியில் வந்தது, அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது; கழிவை நொய்யல் ஆற்றில் விடுவதற்குக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆலோசகர் வந்து உப்பைக் குறையுங்கள் என்று சொன்னால் பட்டறைக்காரருக்கு மிச்சமாவது சொற்பம். உப்பின் உண்மையான விலையைக் கட்டியவர்கள் கீழ்மடை விவசாயிகள்.

சென்னிமலைக்கு அருகே அதே நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீர் திறந்துவிடக் கேட்டுப் போராடுவதே தமிழ்நாட்டு உழவர் வழக்கம். இங்கே அணையில் நீரைத் தேக்காதே என்று கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். 1990-களின் பிற்பகுதியில் நீதிமன்ற நெருக்குதலால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கொட்டி நிறத்தை எடுத்தார்கள். நீர் தெளிந்தது, உப்பு போகவில்லை. கரைந்த உப்பை உயிரியல் முறையும் தொடாது, படியவைக்கும் முறையும் தொடாது; சேர்த்த ரசாயனங்களால் கரைபொருள் கூடவே செய்தது, போதாக்குறைக்குக் கசடு மூட்டை மூட்டையாகக் குவிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைபொருள். அந்த நிலையங்களின் வடிவமைப்பிலேயே அதை எட்ட வழியில்லை. குழாயின் முடிவில் நின்று யோசித்ததால் நேர்ந்த தோல்வி என்றே இதைச் சொல்வேன்.

திருப்பம் நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் 2003-இல் தொடுத்த வழக்கில் வந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாறக் கெடு வைத்தது. மாறும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி, 8, 10 என ஏறும் அபராதம் விதித்தது. தொகை பெரிதில்லை. ஆனாலும் அதுவரை இலவசமாகப் போய்க்கொண்டிருந்த கழிவுநீருக்கு முதன்முறையாக லிட்டர் கணக்கில் விலை விழுந்தது. இந்த வரலாற்றில் நான் அதிக எடை தருவது இதற்குத்தான். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. வேலை வெளியூர்களுக்குப் போனது. கொஞ்சம் திருட்டுப் பட்டறைகளுக்கும் போனது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தபின் நிலையங்கள் படிப்படியாகத் திறந்தன.

ஜீரோ டிஸ்சார்ஜ் என்று ஊரில் சொல்லப்படும் இந்த முறையில் முதலில் உயிரியல் சுத்திகரிப்பு. அடுத்து ஆர்.ஓ. சவ்வுகள் நீரின் பெரும்பகுதியை மீட்டுப் பட்டறைக்கே திருப்பும். எஞ்சும் உப்புச் செறிவை எவாப்பரேட்டர் காய்ச்சும். செலவெல்லாம் இந்தக் கடைசிப் படியில்தான். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். பல அடுக்குகளில் அதே நீராவியைத் திரும்பப் பயன்படுத்தினாலும் கொதிகலனுக்கு விறகு போய்க்கொண்டே இருக்கும். ஆற்றைக் காக்க எரித்த புகை ஊருக்கு மேலே ஏறியது. இதை மறைத்துவிட்டு வெற்றிக்கதை எழுதுவது நேர்மையாகாது.

இந்தச் செலவுதான் பட்டறைக்காரர் பார்வையைக் குழாயின் தொடக்கத்துக்குத் திருப்பியது. அருள்புரம் நிலையத்தில் உப்புச் செறிவைக் காய்ச்சாமல், சுத்தப்படுத்திய உப்புக் கரைசலாகவே மீண்டும் சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறை முயன்று பார்க்கப்பட்டுப் பிற நிலையங்களுக்கும் பரவியது. சாதா உப்பைவிட மீட்க எளிது என்பதால் சோடியம் சல்பேட்டுக்குப் பலர் மாறினார்கள். வின்ச் போய் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் வந்தது. கிலோவுக்கு ஆறு லிட்டர் நீர் போதுமென்றால் அதே 60 கிராம் கணக்கில் உப்பு 360 கிராம். முன்பு போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீர் குறைய, அதைச் சூடாக்கும் விறகும் குறைந்தது. கழிவு, ஆற்றல், மாசு என்று அறிக்கைகள் தனித்தனி அத்தியாயமாகப் பேசும் மூன்றும் பட்டறைத் தளத்தில் ஒரே தொட்டியின் கொள்ளளவுக்குள் அடங்கிவிட்டன.

ஆக, 1990-களின் ஆலோசனைத் திட்டங்கள் சொன்ன வழிகள் தவறில்லை. தடுத்தால் லாபம் என்ற வாக்கு, கொட்டுவதற்கும் செலவு உண்டு என்ற இடத்தில்தான் பலிக்கும். மின்னசோட்டாவில் கழிவைக் கொட்டச் செலவு இருந்தது. திருப்பூரில் அந்தச் செலவை உழவர்களின் வழக்கு உண்டாக்கியது.

கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டைகளாகத் தங்குகிறது. குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் சந்தையில் உள்ளன. பருத்தியையே மாற்றி உப்பின்றிச் சாயமேற்றும் வழிகளும் ஆய்வில் உள்ளன. ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பவர் வெளிநாட்டு வாங்குநர். மாதிரியில் ஒப்புதல் பெற்ற சாயத்தைப் பட்டறை தன்னிச்சையாக மாற்ற முடியாது. அதிக உப்பு கேட்பவை கருப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்கள். அந்த உப்பை மீட்கும் செலவு சாயக்கூலியில்தான் ஏறுகிறது. ஆர்டர் விலை பேசும்போது வாங்குநர் அதில் எவ்வளவு ஏற்கிறார் என்பதை இனி ஆராய வேண்டும்.