பாறையடியில் ஒரு பிழைப்பு

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், லைம் ரீஜிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கேயும் பக்கத்துச் சார்மௌத்திலும் தாய் தகப்பன்மார் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சுத்தியலும் பையுமாகக் கடற்கரையில் கல் தேடுவதை இன்றும் காணலாம். வழிகாட்டப் பொருட்காட்சிச்சாலையிலிருந்து ஆள் வருகிறார். தேடுவது வெறும் கல்லை அல்ல, கல்லாகிப்போன உயிர்களை. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட்டுதான் அதிகம் அகப்படும். நம் பூஜைப் பெட்டியிலுள்ள சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் இந்த இனத்தின் சுவடுதான். நாம் அதில் திருமாலைக் கண்டோம். அவ்வூரார் தலை போன பாம்பைக் கண்டார்கள்!

இந்த விடுமுறை விளையாட்டு ஒரு காலத்தில் ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைத்தது. ரிச்சர்டு ஆனிங் மரவேலை செய்கிறவர். மகன் ஜோசப்பையும் மகள் மேரியையும் கூட்டிக்கொண்டு பாறையடிக்குப் போவார். கிடைத்ததைத் துலக்கி, கடற்காற்று வாங்க வந்த சீமான்களுக்கு விற்பார். 1810-ல், கடனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மேரிக்கு அப்போது வயது 11.

மறு ஆண்டு ஜோசப், நாலடி நீளத்தில் ஒரு மண்டையோட்டைக் கண்டான். தலை இருந்தால் உடல் இல்லாமல் போகுமா? மேரி விடவில்லை, 1812-ல் அதையும் கண்டுபிடித்தாள். முதலை என்றார்கள் முதலில். அது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய இக்தியோசார். குடும்பத்துக்குக் கிடைத்தது 23 பவுன். 1814-ல் சர் எவரார்டு ஹோம் அதைப் பற்றி விஞ்ஞானக் கட்டுரை எழுதினார். அதில் ஆனிங் என்ற பெயரே இல்லை.

1823-ல் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசார் ஒன்றை மேரி எடுத்தாள். பாரிஸ் பண்டிதர் குவியே அது போலியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, பின்பு ஒப்புக்கொண்டார். அதிகம் பள்ளி கண்டறியாத அந்தப் பெண், பண்டிதர்களின் கட்டுரைகளைப் படத்தோடு கையால் நகல் எடுத்து வைத்துப் படித்தவள்.

வேலையோ பொல்லாதது. குளிர்கால மழையில் பாறை சரிந்தால்தான் புதையல் வெளியே வரும். அலை வந்து வாரிக்கொண்டு போவதற்குள் எடுத்தாக வேண்டும். 1833-ல் அப்படிச் சரிந்த பாறை, அவள் காலடியிலேயே நின்ற டிரே என்ற நாயை நசுக்கிவிட்டது. அவள் தப்பியது மயிரிழையில். கதை எழுதுகிறவன் புத்தி, இத்தனை பூத விலங்குகளுக்கு நடுவே அந்த நாயைத்தான் சுற்றி வருகிறது.

1847-ல் மேரி இறந்தாள். லண்டன் புவியியல் சங்கம் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்தது 1919-ல்தான்.

இப்போது அங்கே போகும் பிள்ளைகளிடம், பாறையின் பக்கம் நெருங்காதே, உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடு, கடல் ஏறுவதற்குள் திரும்பிவிடு என்று சொல்லி அனுப்புகிறார்கள். அரிய பொருள் கிடைத்தால் சார்மௌத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பதிவில், கண்டெடுத்தவர் பெயரும் ஏறுகிறது.