பாயில் நெய்த பெயர்

ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்த பத்தமடைப் பாயில் இருவர் பெயரும் முகூர்த்தத் தேதியும் நெய்யப்பட்டிருந்தன. எனக்கு நாதஸ்வரத்தில் மனம் செல்லவில்லை. மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவளிடமும் அப்படி ஒரு பாய் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகு ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயிற்று. இப்போது விருதுநகர் மாவட்டம். ஜில்லா மாறினால் சீர்வரிசையுமா மாறிவிடும்? கல்யாணப் பாய் பத்தமடையிலிருந்துதான் வரவேண்டும்.

1958-ஆம் வருஷத்துப் பாய் இன்னும் துணியைப் போல மடிந்தது. ஆயுள் முழுதும் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெரியம்மா, விரல் வைத்துக் காட்டினாள்.

"இதுதான் ஐயா உங்க பெரியப்பா பேரு. நீயே படிச்சுக்கோ."

"நெய்தது யார், பெரியம்மா?"

"யாரோ பாய் வீட்டுப் பொம்பளை. பேரா கேட்டு வைப்பாங்க?"

பத்தமடையில் இந்தத் தொழிலைச் செய்பவர்கள் லெப்பை முஸ்லிம்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மயிரிழை போலக் கீறி, சாயம் ஏற்றுகிறார்கள். தரையோடு தரையாகக் கட்டிய தறியில் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவு, கோரைதான் ஊடை. உயர்ந்த ரகப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. மொராக்கோ தேசத்து அட்லஸ் மலையில் பெர்பர் குலப் பெண்கள் ஆட்டு ரோமத்தில் கம்பளம் நெய்கிறார்கள். கோலம் தாயிடமிருந்து மகளுக்கு, காகிதம் கிடையாது. ரிஃப் மலைப் பெண்கள் சக்கரமில்லாமல் கையாலேயே பானை வனைகிறார்கள். அவற்றிலும் வனைந்தவள் பெயர் இல்லை.

பெயர் உள்ள கம்பளமும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலுள்ள பாரசீகத்து அர்தபீல் கம்பளத்தில் மக்ஸூத் காஷானி என்ற பெயரும், ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் இருக்கின்றன. நம் கணக்கில் 1539-40. ஆனால் அதிலுள்ள இரண்டரைக் கோடி முடிச்சுகளை ஒரு மனிதர் போட்டிருக்க முடியுமா? வேலையை மேற்பார்த்தவராக இருக்கலாம். முடிச்சுப் போட்ட விரல்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

பெரியம்மாவின் பாயை மறுபடி குனிந்து பார்த்தேன். பெரியப்பா பெயரிலிருந்த 'ழ'வின் வால் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. தமிழெழுத்துத் தெரியாமல், துண்டுக் காகிதத்தைப் பார்த்து நெய்தவளோ என்னவோ!

"எங்க மாமியார் அப்பவே திருப்பி அனுப்பச் சொன்னாக. நான்தான் மாட்டேன்னுட்டேன்" என்றாள் பெரியம்மா.

"ஏன்?"

"அந்தப் பொம்பளைக்குக் கூலியைப் பிடிச்சுட்டா?"

பாயைச் சுருட்டிப் பரணில் வைக்கச் சொன்னாள்.