எட்டும் பூச்சியமும்: மீசோதீலியோமாவில் துளைத்தடக் கதிர்வீச்சின் வரலாறு, 1995–2019

மார்செய் நகரத்து மருத்துவர் கிறிஸ்தியான் பூட்டினும் அவருடைய குழுவினரும் 1995இல் ‘செஸ்ட்’ ஆய்விதழில் ஒரு சிறிய அட்டவணையை வெளியிட்டனர். நுரையீரல் உறையில் மீசோதீலியோமா கண்ட 40 நோயாளிகள் குலுக்கல் முறையில் இருபது இருபதாகப் பிரிக்கப்பட்டனர். நோயைக் கண்டறிய நெஞ்சில் போட்ட துளைகளின் மேல் ஒரு குழுவுக்கு மூன்று நாள் கதிர்வீச்சு தரப்பட்டது. மற்றக் குழுவுக்குத் தரப்படவில்லை. கதிர்வீச்சு பெறாத 20 பேரில் 8 பேருக்குத் துளையின் தடத்திலேயே புற்றுக்கட்டி முளைத்தது. பெற்றவர்களில் ஒருவருக்கும் முளைக்கவில்லை. எட்டு, பூச்சியம் என்ற இந்த இரண்டு எண்களும் ஐரோப்பிய மருத்துவமனைகளின் நடைமுறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழிநடத்தின.

கதிர்வீச்சு தடக்கட்டியைத் தடுக்கிறது என்பதே தம் அட்டவணையிலிருந்து பூட்டின் எடுத்த முடிவு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அவரைப் பொய்யாக்கிவிட்டன என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஆனால் என் வழக்கு முதன்மையாகப் பூட்டினின் வாசிப்போடுதான். அவருடைய எண்கள் சரியானவை. ஒரு காலத்தின், ஒரு மருத்துவமனையின், ஒரு கருவியின் விளைவை அந்நோயின் இயல்பாக அவர் படித்ததில்தான் பிழை நேர்ந்தது.

பின்னணி வாசகர் அறிந்ததே. தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில் நீலக் கல்நார்ச் சுரங்கங்களைச் சுற்றி வாழ்ந்தவர்களிடையே வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூவரும் 33 நோயாளிகளை 1960இல் விவரித்தனர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் நீலக் கல்நார்த் தொடர்பு இருந்திருக்க வாய்ப்புண்டு என்று காட்டினர். இங்கே நமக்குத் தேவையான செய்தி ஒன்றுதான். இந்தப் புற்று நுரையீரலைச் சூழ்ந்த உறை முழுவதும் தகடுபோலப் படர்வதால், நெஞ்சுச் சுவரைத் துளைக்காமல் அதை உறுதிசெய்ய முடிவதில்லை. நீரை வடிக்க ஊசி, சதை எடுக்கத் தோரகோஸ்கோப், பிறகு வடிகுழாய் என்று அடுத்தடுத்துத் துளைகள் விழுகின்றன. ஒவ்வொன்றும் புற்றணுக்கள் உறையிலிருந்து தோலடிக்கு வர ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அப்படி வந்து தங்கியவை கட்டியாகித் தோலைப் புடைக்கச் செய்யும். சிலருக்குக் கடுமையாக வலிக்கும்.

இனி அட்டவணைக்கு வருவோம். கொடுக்கப்பட்ட அளவு 21 கிரே. நாளொன்றுக்கு 7 கிரே வீதம் மூன்று நாள். 8க்கு 0 என்ற வேறுபாடு வெறும் தற்செயலா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கதிர்வீச்சால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொண்டு ஃபிஷரின் முறைப்படி கணக்கிட்டால், இத்தகைய பிரிவினை தானாக நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் நான்குக்கும் குறைவாகவே வருகிறது. ஆகவே அந்த அறையில் ஏதோ நடந்திருக்கிறது. அதை மறுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்விதான் பூட்டின் கேட்காதது. 20 பேரில் 8 பேர் என்பது 40 விழுக்காடு. ஆனால் 20 பேரைக் கொண்டு மதிப்பிட்ட ஒரு விகிதத்துக்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 19இலிருந்து 64 வரை நீளும். அதாவது தோரகோஸ்கோபி செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தடக்கட்டி வரும் என்றாலும், ஐந்தில் மூவருக்கு வரும் என்றாலும் இந்த அட்டவணை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பூச்சியத்தின் நிலையும் அதுவே. 20 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்பதால் ஒருபோதும் வராது என்று ஆகாது. உண்மை விகிதம் 17 விழுக்காடு வரை இருந்தாலும் இப்படி ஒரு பூச்சியம் கிடைக்கக்கூடும். படித்தவர்கள் மனத்தில் தங்கியதோ நாற்பதும் பூச்சியமும் மட்டுமே. இடைவெளிகள் தங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பைடரும் பிறரும் செய்த ஆய்வு 2004இல் வந்தது. 43 நோயாளிகள், 58 துளைகள். கதிர்வீச்சு பெற்ற 28 துளைகளில் இரண்டிலும், பெறாத 30இல் மூன்றிலும் கட்டி தோன்றியது. 7 விழுக்காட்டுக்கும் 10 விழுக்காட்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மார்செயின் ஆதரவாளர்கள் இதற்கு உடனடியாக விடை வைத்திருந்தனர்: பெர்த்தில் கொடுத்தது ஒரே தடவையில் 10 கிரே, அது போதாது. இந்த விடை வலுவானதுதான். கதிர்வீச்சின் உயிரியல் வலுவைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில், ஆல்பா-பீட்டா விகிதத்தை 10 என்று கொண்டால், மார்செயின் அளவு 35.7 ஆகவும் பெர்த்தின் அளவு 20 ஆகவும் வருகின்றன. பாதியைச் சற்றே தாண்டிய வலுவைக் கொடுத்துவிட்டு, பயனில்லை என்று பொதுத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

ஆனால் பெர்த் ஆய்வின் கனமான செய்தி கதிர்வீச்சு பெற்ற பக்கத்தில் இல்லை. பெறாத பக்கத்தில் இருக்கிறது. அங்கே 10 விழுக்காடுதானே? மார்செயில் 40 ஏன்? கதிர்வீச்சே படாத துளைகளின் கதையைக் கதிர்வீச்சின் அளவு விளக்காது. இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். பூட்டின் ஆட்களை எண்ணினார். பைடர் துளைகளை எண்ணினார். ஒருவருக்கு இரண்டு மூன்று துளைகள் இருக்கும்போது துளைக் கணக்கில் விகிதம் இறங்கித்தான் தெரியும். மற்றொன்று, மார்செயில் அனைவரும் தோரகோஸ்கோபி செய்துகொண்டவர்கள். பெர்த்தில் துளைகள் பலவகை. அகன்ற துளை வழியே உறையைக் கிள்ளி எடுப்பதற்கும் மெல்லிய ஊசியால் நீர் எடுப்பதற்கும் ஒரே அபாயம் இருக்க வழியில்லை. மார்செயின் நாற்பது, தோரகோஸ்கோபியின் நாற்பது. அதை எல்லாத் துளைகளுக்கும் உரியதாக ஆக்கியதுதான் வாசிப்பின் முதல் வழுக்கல்.

கிளாஸ்கோவில் ஓ’ரூர்க்கும் பிறரும் 61 நோயாளிகளிடம் மார்செயின் அதே 21 கிரேயை அதே மூன்று தவணைகளில் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டனர். தடுப்புப் பயன் தென்படவில்லை. அளவு போதவில்லை என்ற வாதம் இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பெரிய வடிகுழாய், அறுவை, தோரகோஸ்கோபி ஆகியவற்றின் துளைகளுக்குத் தடுப்புக் கதிர்வீச்சைப் பரிந்துரைத்தன. எதிர்ச்சான்று இரண்டு அச்சில் வந்த பின்பும் பழைய அட்டவணையே வென்றது. இந்த நடைமுறை மருத்துவமனைகளில் எந்த ஆண்டிலிருந்து தேயத் தொடங்கியது என்று திட்டமாக வரையறுக்க இயலாது. அதே அமைப்பு 2018இல் இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று எழுதிற்று. ஆகவே தேய்மானம் இந்த எட்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது என்று கொள்வதே பாதுகாப்பானது.

2010க்குப் பின் வந்தவை இரண்டு பெரிய ஆய்வுகள். கிளைவும் பிறரும் 2016இல் வெளியிட்ட ‘ஸ்மார்ட்’ ஆய்வில் 203 பேர். அனைவரும் அகன்ற துளையிட்டவர்கள். ஒரு குழுவுக்கு உடனே 21 கிரே. மற்றதற்குக் கட்டி தோன்றினால் மட்டும். 102 பேரில் 9 பேருக்கும், 101 பேரில் 16 பேருக்கும் கட்டி வந்தது. அடுத்து பேமனும் பிறரும் 2019இல் வெளியிட்ட ‘பிட்’ ஆய்வு: 375 பேர். ஆறு மாதத்தில் 3.2க்கு 5.3 விழுக்காடு, பன்னிரண்டு மாதத்தில் 8.1க்கு 10.1. இரண்டிலும் வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. ‘பிட்’ ஆய்வின் முதன்மை அளவீடு ஆறு மாதத்தில் நின்றது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் இரு குழுக்களிலும் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்ததையும் அதற்கு மேல் போனதையும் அவர்களுடைய எண்களே காட்டுகின்றன.

இப்போது மார்செயின் நாற்பதுக்கும் ‘ஸ்மார்ட்’டின் பதினாறுக்கும் உள்ள இடைவெளியை விளக்க வேண்டும். துளையின் அகலம் இங்கே உதவாது. இரண்டும் அகன்ற துளைகளே. மருந்தின் பங்கு ஒன்று உண்டு என்று வாதிடலாம். 1995இல் இந்நோய்க்கு உயிர்நாளைக் கூட்டியதாகப் பெரிய ஆய்வில் நிறுவப்பட்ட மருந்து இல்லை. சிஸ்பிளாட்டினோடு பெமெட்ரெக்செட் சேர்த்தால் நடு உயிர்நாள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாகிறது என்று ஃபோகல்சாங் குழு காட்டியது 2003இல். உறையில் புற்றை ஒடுக்கும் மருந்து, தடத்தில் தங்கிய சில அணுக்களை இன்னும் எளிதாக ஒடுக்கியிருக்கக் கூடாதா? எனக்கு இந்த விளக்கத்தில் நாட்டம் உண்டு. குருதியோட்டம் நல்ல தசையில், எண்ணிக்கையில் சிறிதாக இருக்கும் அணுக்கூட்டம் மருந்துக்கு எட்டும் இலக்கு. ஆனால் மூன்று மாதத்தைக் கூட்டும் மருந்து தடக்கட்டிகளைப் பாதிக்கும் கீழாகக் குறைத்திருக்கும் என்று சொல்ல அது மட்டும் போதாது. பெமெட்ரெக்செட் பரவலாவதற்கு முன்பே பெர்த்தில் 10 விழுக்காடுதான் என்பதும் இடிக்கிறது. இதை ஊகம் என்ற அளவிலேயே நிறுத்துகிறேன்.

ஊகமே தேவையில்லாத விளக்கம் ஒன்று இருக்கிறது. ‘ஸ்மார்ட்’டின் 101இல் 16 என்பதற்கான இடைவெளி ஏறத்தாழ 9 முதல் 24 வரை. மார்செயின் இடைவெளி 19இல் தொடங்குகிறது. இரண்டும் 19க்கும் 24க்கும் இடையே சந்திக்கின்றன. கதிர்வீச்சு பெற்ற பக்கத்திலும் அப்படியே: ‘ஸ்மார்ட்’டின் 9 விழுக்காடு, மார்செயின் பூச்சியம் அனுமதிக்கும் 17க்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஆய்வுகள் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. அகன்ற துளைக்குப் பின் ஏறத்தாழ ஐந்திலோ ஆறிலோ ஒருவருக்குத் தடக்கட்டி வருகிறது. கதிர்வீச்சு அதைக் கொஞ்சம் குறைக்கக்கூடும். மார்செயில் அந்த அபாயம் தன் மேல் எல்லையிலும், மிச்சம் தன் கீழ் எல்லையிலும் பதிவாயின. மார்செய், பெர்த், ‘ஸ்மார்ட்’, ‘பிட்’ நான்கிலும் சாய்வு ஒரே பக்கம்தான். ‘பயனில்லை’ என்று இன்றைய பாடநூல்கள் எழுதுவது மிகை. ‘பயன் சிறிது’ என்பதே எண்கள் தாங்கும் வாசகம்.

அந்தச் சிறிது எவ்வளவு? ‘ஸ்மார்ட்’டின் எண்களை அப்படியே ஏற்றால், ஒரு கட்டியைத் தடுக்க ஏறத்தாழ 14 பேருக்குக் கதிர்வீச்சு தர வேண்டும். நடு உயிர்நாளே ஓராண்டை ஒட்டி நிற்கும் மனிதர்களில் 13 பேரை, மூச்சு வாங்க வாங்க, மூன்று நாள் மருத்துவமனைக்கு வீணே வரவழைப்பது என்பது இதன் பொருள். கட்டி வந்த பிறகு சிகிச்சை தந்தவர்களின் வாழ்க்கைத் தரமும் நெஞ்சு வலியும் உடனே பெற்றவர்களைவிட மோசமாகவில்லை என்பதையும் ‘ஸ்மார்ட்’ காட்டியது. வழக்கமான தடுப்பைக் கைவிட்ட 2018ஆம் ஆண்டு முடிவு சரியே. அதற்கு இந்தக் காரணம் போதும். பூட்டினைப் பொய்யர் ஆக்க வேண்டியதில்லை.

இதே வாசிப்புச் சிக்கல் இந்நோயின் மற்றச் சிகிச்சைகளிலும் கிடக்கிறது. பாஸ்டனில் சுகர்பேக்கர் 1999இல், நுரையீரலை உறையோடு அகற்றி மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்த 183 பேரின் விவரத்தை வெளியிட்டார். நினைவில் தங்கியதோ அவர்களுள் மிகச் சாதகமான 31 பேரின் 46 விழுக்காடு ஐந்தாண்டு உயிர்வாழ்வு. முழுக் கூட்டத்தின் 15 விழுக்காடு தங்கவில்லை. குலுக்கல் முறையில் 50 பேரைப் பிரித்த பிரிட்டனின் ‘மார்ஸ்’ ஆய்வில் (2011) அந்த அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களின் நடு உயிர்நாள் 14.4 மாதம், மற்றவர்களுக்கு 19.5. நுரையீரலை விட்டுவைத்து உறையை மட்டும் உரிக்கும் அறுவையை 335 பேரிடம் சோதித்த ‘மார்ஸ் 2’ ஆய்விலும் (2024) அறுவைக் குழுவுக்கு 19.3 மாதம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 24.8. நுரையீரலை அகற்றிய பின் அரைமார்பு முழுவதும் கதிர்வீச்சு தந்த சுவிஸ் தலைமையிலான ஆய்வு (2015) 54 பேரில் உறுதியான பயன் காணவில்லை. அதே முயற்சியில் செறிவு மாற்றும் கதிர்வீச்சைப் பாஸ்டனில் 13 பேருக்குத் தந்தபோது, மிஞ்சிய ஒற்றை நுரையீரலின் அழற்சியால் 6 பேர் இறந்தனர் (2006). அந்த ஆறு உயிர்களைக் கடந்துதான் இன்றைய கதிர்வீச்சு வரம்புகள் வகுக்கப்பட்டன. நுரையீரலை விட்டுவைத்து 50 கிரே தந்த இத்தாலிய ஆய்வு (2021) 108 பேரில் ஈராண்டு உயிர்வாழ்வை 28 விழுக்காட்டிலிருந்து 58 ஆக்கியது. நம்பிக்கை தரும் எண். மார்செயின் பூச்சியத்தைப் படிக்க வேண்டிய எச்சரிக்கையோடே இதையும் படிக்க வேண்டும். 605 பேரில் நிவோலுமாபும் இபிலிமுமாபும் நடு உயிர்நாளை 14.1இலிருந்து 18.1 மாதமாக்கியது (2021) இவற்றைவிட உறுதியான தளத்தில் நிற்கிறது.

வலிக்குத் தரும் கதிர்வீச்சின் இடம் மட்டும் அசையவில்லை. ஐந்து தவணைகளில் 20 கிரே பெற்றவர்களில், ஐந்தாம் வாரத்தில் மதிப்பிட முடிந்தவர்களுள் 47 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது என்று 2015இல் வெளியான ‘சிஸ்டம்ஸ்’ ஆய்வு பதிவுசெய்தது.

நம் மருத்துவமனைகளில் இந்நோய்க்காகத் தோரகோஸ்கோபி செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துளையின் அகலத்தையும் இடத்தையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். முதல் ஓராண்டு, ஒவ்வொரு வருகையிலும் அந்தத் தழும்பை விரலால் தொட்டுப் பாருங்கள். வீட்டில் தொட்டுப் பார்க்க நோயாளிக்கும் சொல்லிக்கொடுங்கள். கட்டி தட்டுப்பட்டால், தாமதிக்காமல் அப்போது கதிர்வீச்சுக்கு அனுப்புங்கள்.