நிலத் தரகரைத் தேர்ந்தெடுத்தல்: திருக்கழுக்குன்றம் வட்டமும் பஞ்சமி நில நிபந்தனையும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கும் கல்பாக்கத்திற்கும் செல்லும் சாலைகளை ஒட்டி, ஏரிப் பாசன வயல்கள் பல மனைப்பிரிவுகளாகி வருகின்றன. இங்கு விற்பனையைக் கூட்டி வைப்போர் பெரும்பாலும் பெருநிறுவனங்கள் அல்லர். ஊரறிந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்த சிறு தரகர் குழுக்களே. எந்தப் புல எண் யாருடையது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடியவில்லை, எந்த நிலம் 'கண்டிஷன் பட்டா' என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு மறைக்கவும் பயன்படும், காக்கவும் பயன்படும். நிலம் வைத்திருக்கும் தலித் குடும்பத்திற்கும் நேர்மையாக வாங்க வருபவருக்கும் இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இந்த மாவட்டத்தில் ஏன் இது தனிக் கேள்வி?

பஞ்சமி நிலத்தின் வரலாறு செங்கல்பட்டில்தான் தொடங்குகிறது. அன்றைய மிராசு முறையில் தரிசு நிலத்திற்கான தர்க்காஸ்து விண்ணப்பங்களில் மிராசுதாரர்களுக்கே முன்னுரிமை இருந்தது. உழுதவர்கள் தலைமுறைகளாக நிலமற்றிருந்தனர். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையை விவரித்து அரசுக்கு அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படை செய்யும் அரசாணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

இந்த ஒப்படைக்கு நிபந்தனை உண்டு. முதல் 10 ஆண்டுகள் நிலத்தை எவருக்கும் விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு ஒப்படையை ரத்து செய்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை நிலத்தோடு செல்வது; எத்தனை கை மாறினாலும் கரைந்துவிடாது.

காகிதத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு களத்தில் நிற்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். இந்த வட்டாரத்தில் ஒரு புல எண்ணின் கடந்த காலத்தைக் கேட்காமல் விலை பேசுவது அந்த வரலாற்றையே கேளாமல் விடுவதாகும்.

வில்லங்கச் சான்று ஏன் போதாது?

'வில்லங்கம் இல்லை, பட்டா இருக்கிறது, வேறென்ன வேண்டும்?' என்பது தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் உறுதிமொழி. வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பஞ்சமி நிலமோ வருவாய்த் துறை வழங்கிய ஒப்படை. ஆகவே அதன் நிபந்தனை வில்லங்கச் சான்றில் தென்படாமலே போகலாம்.

பார்க்க வேண்டியது வருவாய்க் கணக்கு. 'அ' பதிவேட்டை இணையத்தில் எவரும் காணலாம். ஆனால் இன்றைய பதிவேடு மட்டும் போதாது. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்கு (யு.டி.ஆர்.) முந்தைய 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் ஒப்பிட வேண்டும். பழைய கணக்கில் 'டி.சி.' என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ இருந்த குறிப்பு புதிய கணக்கில் விடுபட்டிருப்பதுண்டு. குறிப்பு விடுபட்டதால் நிபந்தனை நீங்கிவிடுவதில்லை. இவற்றின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலோ விண்ணப்பித்துப் பெறலாம். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது.

தரகரிடம் கேட்க வேண்டியவை

முதலாவது, நிலத்தைக் காட்டும் முன் புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் தருவாரா? 'முன்பணம் கொடுங்கள், எண் தருகிறேன்' என்பவரை அங்கேயே விட்டுவிடலாம்.

இரண்டாவது, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைத் தாமே எடுத்துக் காட்டுவாரா? நல்ல உள்ளூர்க் குழுவின் அடையாளம் இதுதான். அலைவதற்கான கூலியைக் கேட்டால் அது நியாயமே.

மூன்றாவது, அவர் யாருக்காகப் பேசுகிறார்? விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் தரகுத் தொகை பெறும் வழக்கம் இங்குண்டு. எவரிடம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். குறைத்து வாங்கிக் கூட்டி விற்று இடையிலுள்ள தொகையை எடுத்துக்கொள்பவர் தரகர் அல்லர், வியாபாரி. விற்கும் குடும்பத்திற்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, மனைப்பிரிவானால் அதன் பதிவெண் என்ன? 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 மனைகளுக்கு மேற்பட்ட திட்டம் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அத்தகைய திட்டத்தில் மனை விற்றுத் தரும் முகவருக்கும் பதிவு கட்டாயம். ஆனால் தனியொருவர் தம் வயலை விற்பதற்கு இடைநிற்கும் தரகர் பெரும்பாலும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அங்கே வாங்குபவரும் விற்பவரும் தாமே விழிப்பாக இருப்பதைத் தவிர வேறு காவல் இல்லை.

மறுக்க வேண்டிய இரண்டு யோசனைகள்

'பத்திரம் வேண்டாம், பவர் எழுதிக் கொடுங்கள்' என்பது ஒன்று. பொது அதிகார ஆவணத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும் கைநாட்டு வாங்கியவர் அதைக் கொண்டு நிலத்தைச் சுற்றுக்கு விட முடியும்.

'உங்கள் ஆள் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்' என்பது மற்றொன்று. நிபந்தனையைத் தாண்டுவதற்குத் தலித் தொழிலாளியின் பெயரை இரவல் கேட்பது பினாமிப் பரிவர்த்தனை. பெயர் கொடுத்தவரும் தண்டனைக்கு உள்ளாகலாம்.

விற்கும் குடும்பத்திற்கு

தலித் ஒருவரின் பெயரிலுள்ள எல்லா நிலமும் பஞ்சமி அன்று. விலை கொடுத்து வாங்கிய, நிபந்தனையற்ற நிலத்தை எவருக்கும் சந்தை விலைக்கு விற்கலாம். 'இது பஞ்சமி, யாரும் வாங்க மாட்டார்கள்' என்று அச்சுறுத்தி விலையைக் குறைப்போருக்குப் பழைய பதிவேட்டின் நகலே பதில். உண்மையில் பஞ்சமி நிலமானால், 10 ஆண்டுகளுக்குப் பின் பட்டியல் சாதியினருக்கு விற்பதற்குத் தடையில்லை. அத்தகைய வாங்குநரைத் தேடித் தரும் தரகரே அக்குடும்பத்திற்குத் தேவையானவர். முன்பணத்தை வங்கி வழியே பெறுவது பின்னாளில் சான்றாக நிற்கும்.

நிலம் ஏற்கெனவே பறிபோயிருந்தால், பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும் பெயர் மாற்றிக்கொள்வதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். காவல்துறையில் புகாரும், ஒப்படையை மீட்க வருவாய்த் துறையில் மனுவும் தனித்தனியே அளிக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. தம் ஊரின் பழைய 'அ' பதிவேட்டு நகலைப் பெற்று, நிபந்தனை நிலங்களின் புல எண்களைப் பட்டியலிட்டு, கிராம சபையில் வாசிக்கலாம். தரகர் மட்டும் அறிந்திருந்ததை ஊரே அறிந்துவிட்டால், மறைத்து விற்பதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சாது.