புள்ளியில் தொடங்கும் பச்சை

மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்து மெல்லிய துணியில் தடவி, அதைத் திரியாகச் சுருட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உள்ளே படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் பச்சை குத்தும் மை தயார். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்த செய்முறை இது. ஊர் ஊராக நடந்து இந்தத் தொழிலைச் செய்தவர்கள் குறவர் பெண்கள் என்பதையும், ஒரு புள்ளிக்குக் காலணா கூலி என்பதையும், கிராமங்களில் காசுக்குப் பதில் பண்டமாகவே கொடுத்தார்கள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

நான் மதுரை சிம்மக்கல்லில் ஃபோட்டோஷாப்பை வைத்துப் பிழைப்பவன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்த காலம் போய், இப்போது என்னிடம் வருகிற வேலையில் பெரும்பகுதி பச்சை மாதிரியான படங்கள்தான். டாட்டூ கடைக்காரர்களுக்கு வரைந்து தருகிறேன். சட்டைக்கும் சுவரொட்டிக்கும்கூடப் பச்சை குத்தியதுபோன்ற சித்திரம் கேட்கிறார்கள். கேட்கிற பையன்கள் பெரும்பாலும் கொண்டுவந்து காட்டுவது நியூசிலாந்தின் மாவோரி வளைவுகளை. மாவோரிகளுக்கு அது வம்சமும் குலமும் சொல்லும் முகக்குறி. அதை அறியாமல் எடுத்து ஒட்டுவது முறையில்லை என்பது என் எண்ணம். அதைவிட எனக்கு வலிப்பது, நம் வீட்டுப் பாட்டிகளின் முழங்கையில் இருந்ததை யாரும் கேட்பதில்லை என்பதே.

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த என் அப்பத்தாவுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோலம். நடுவில் ஒரு தேள், நாடியில் மூன்று புள்ளி. "கழுத்துல காதுல கெடக்குறதெல்லாம் இங்கயே கழட்டிப்புடுவாங்க. இது ஒண்ணுதான்டா கூட வரும்" என்பார். அறுப்பு முடிந்து தானியம் வீட்டில் இருக்கும் நாட்களில்தான் குத்துகிறவர்கள் வருவார்களாம். ஒரு குச்சியை மையில் தொட்டுக் கோடு போட்டு, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் அந்தக் கோட்டின்மேல் குத்திக்கொண்டே போவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் நடக்கும். ஆக, அந்தப் பச்சையில் கோடு என்று நாம் பார்ப்பதெல்லாம் நெருங்கி விழுந்த புள்ளிகள்.

வாசற்கோலத்துக்கும் கைப்பச்சைக்கும் உள்ள உறவை மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937-இல் கவனித்து, தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைகளையும் சேர்த்தே 'ஃபோக்லோர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உள்ளே நுழைந்தால் வழி தெரியாத கோட்டைகள், அறுபடாமல் சுற்றிவரும் ஒற்றைக் கோடுகள் என்று நம் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தவை எல்லாம் அவருடைய ஆய்வுக்குப் பொருளாயின.

இயந்திரம் வந்தது வேறு வழியில். எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின்பேனா காகிதத்தில் ஓட்டை போட்டு நகலெடுக்கும் கருவி. அதன் வழியைப் பின்பற்றி 1891-இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி பச்சை குத்தும் இயந்திரத்துக்கு உரிமை வாங்கினார். அதன் வாரிசுகள்தான் நான் சிறுவனாக இருந்தபோது சித்திரைத் திருவிழாவில் பேட்டரியோடு வைகை மணலில் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் வேல், தேள், அம்பு தைத்த இதயம், கட்சிச் சின்னம். அ.தி.மு.க. தொண்டர்கள் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். சொன்னது 1970-களில்.  அட்டையைப் பார்த்துக் கைநீட்டும் வழக்கம் வந்ததும் புள்ளி போய்க் கோடு வந்தது. ஊர் ஊராக வந்து குத்திய குறவர் பெண்ணின் மனதில் இருந்த கோலத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

கணினிக்கும் கோலத்துக்கும் பழக்கம் ஏற்பட்டதும் அதே 1970-களில்தான். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணித விதிகளாக எழுதி 1974-இல் வெளியிட்டார்கள். நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப்பை அடோபி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1990-இல். அதாவது அந்த மென்பொருள் விற்பனைக்கு வருவதற்குப் பதினாறு ஆண்டு முன்பே நம் வாசற்படிக் கோலம் கணினிப் படவியலின் பாடமாகிவிட்டது. இதைக் கடைக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் சொல்கிறேன்.

திரையில் பச்சையை உண்டாக்குவதற்கு அப்பத்தா கைதான் எனக்குப் பாடம். தோலில் குத்திய கரி கறுப்பாகத் தெரியாது. மேல்தோலுக்குக் கீழே இருப்பதால், தோல் நீல ஒளியைச் சிதறடித்து அதை நீலம் கலந்த பச்சையாகக் காட்டும். அதனால் சுத்தக் கறுப்பை நான் எடுப்பதே இல்லை. படத்தைத் தனி லேயரில் வைத்து மல்டிப்ளையில் போட்டால் தோலின் ரேகையும் மயிரும் மேலே தெரியும். டிஸ்ப்ளேஸ் வடிகட்டியால் கோடு தசையின் மேடு பள்ளத்தோடு வளையும். வயதான பச்சை என்றால் ஓரத்தை லேசாகக் கலங்கவிட வேண்டும், ஏனென்றால் பல ஆண்டுகளில் மை பக்கத்தில் கசியும். இவ்வளவும் செய்தபிறகும் வழவழப்பான பிரஷ் கோடு பொய்யாகவே தெரிந்தது. கோட்டை அழித்துவிட்டுப் புள்ளி புள்ளியாக, அளவும் இடைவெளியும் கொஞ்சம் கொஞ்சம் மாறும்படி வைத்தேன். அப்போதுதான் அது நம் ஊர்ப் பச்சை ஆனது.

இப்போது மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம், சம்மதம் கேட்டு, பெரியம்மாக்களின் கைகளை மட்டும் படம் எடுத்து வருகிறேன். முகம் எடுப்பதில்லை. வெயில் நேராக விழுந்தால் தோல் மினுங்கிப் புள்ளி மறைந்துவிடும். திண்ணை நிழல்தான் தோது. சுருக்கத்தில் பாதிக்கோலம் மறைந்திருக்கும். மடிப்பை விலக்கச் சொல்லிக் கேட்டால் அவர்களே மறுகையால் தோலை இழுத்துப் பிடித்துக் காட்டுவார்கள். தெரிகிற புள்ளிகளை ஒரு லேயரிலும், மறைந்துபோன இடத்தில் கோலத்தின் ஓட்டத்தை வைத்து நான் ஊகித்துச் சேர்த்த புள்ளிகளை இன்னொரு லேயரில் சிவப்பிலும் வைக்கிறேன். குத்தியவர் போட்டதும் நான் போட்டதும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.