ராஜபாளையத்துக்குப் பஞ்சு வந்த வழி

ராஜபாளையத்தின் பஞ்சாலைத் தொழில் பருத்திக்காட்டின் ஓரத்தில் பிறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே விரியும் கரிசலில் மானாவாரியாகக் கருங்கண்ணிப் பருத்தி விளைந்தது. கிணற்றுப் பாசனம் இருந்த இடங்களில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி பரவியது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் ரயில் ஓடத் தொடங்கியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது பஞ்சு, ரயில், வேலைக்கு ஆட்கள் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

மருத்துவப் பஞ்சு தயாரிக்கும் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939-இல் உருவானது. அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் துணிக்கும் நூலுக்கும் 1943-இல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிரிவினை அடுத்த அடி. ஆலைகளில் பெரும்பாலானவை இந்தியாவில் நின்றுவிட, நல்ல பருத்தி விளைந்த சிந்துவும் மேற்குப் பஞ்சாபும் பாகிஸ்தானுக்குப் போயின. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. இரு நாட்டு வணிகம் முடங்கியதும் இந்திய ஆலைகளுக்குப் பஞ்சு தட்டியது.

பஞ்சை உள்நாட்டிலேயே பெருக்கும் முயற்சியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பங்குண்டு. அங்குள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளோடு ஊர்ப் பெயரைச் சுமக்கின்றன. எஸ்.வி.பி.ஆர். 2 தமிழக உழவர்களிடம் நன்கு அறிமுகமானது. ஆனால் ஆலைகளில் நூற்புக் கதிர்கள் பெருகிய வேகத்துக்குப் பருத்திக்காடு பெருகவில்லை. தமிழ்நாட்டு ஆலைகளின் தேவையில் மிகச் சிறு பங்கே இன்று மாநிலத்தில் விளைகிறது. மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வருகிறது. நீண்ட இழைப் பஞ்சு கப்பலேறியும் வருகிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த பஞ்சு இப்படி ஆயிரம் மைல் தள்ளிப்போனது.

இந்தத் தூரத்தின் வலி கடைசியில் வந்து விழுவது சத்திரப்பட்டியில். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் வட்டாரத்தில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கின்றன. நூலைப் பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, இழை தளர்வாக நெய்து, சலவை செய்து, வெட்டிச் சுருட்டிக் கட்டினால் சரக்கு தயார். வேலைப்பாடு குறைவான துணி என்பதால் அதன் விலையில் பெரும்பகுதி நூலின் விலையே. மருத்துவமனைக் கொள்முதலோ ஒப்பந்தப்புள்ளியில் முன்கூட்டியே விலை பேசி முடிவாவது. நடுவில் நூல் ஏறினால் அந்த ஏற்றத்தை வாங்குபவர் தலையில் வைக்க வழியில்லை. தறி நின்றால் நெசவாளிக்குக் கூலியும் நிற்கும்.

ஆலைக்கு நல்லது தறிக்கு நல்லதாக இருப்பதும் இல்லை. 2010-11-இல் நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்று மத்திய அரசு வரம்பு வைத்தது தறிகளுக்கு ஆறுதல், ஆலைகளுக்கு இழப்பு. 2012 மார்ச்சில் பருத்தி ஏற்றுமதியைத் தடை செய்து சில நாட்களிலேயே விலக்கிக்கொண்டது. தமிழகத்தின் கடும் மின்வெட்டுக் காலமும் அதுவே. பஞ்சு இருந்தாலும் ஓட்ட மின்சாரம் இல்லாத நாட்கள் அவை.

கொரோனாவுக்குப் பிந்தைய நெருக்கடி உலகெங்கும் ஒரே வேளையில் பல தொழில்களைத் தாக்கியது. ஜப்பானில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலையில் 2021 மார்ச்சில் தீப்பிடித்தது, ஏற்கெனவே இருந்த சிப் தட்டுப்பாட்டை முற்றச் செய்தது. அந்த செப்டம்பரில் தன் ஆலைகளில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம் அளவுக்கே கார் தயாராகக்கூடும் என்று மாருதி சுசூகி அறிவித்தது. காரின் மொத்த விலையில் சிப்பின் பங்கு சொற்பம். ஆனால் அது இல்லாமல் வண்டி ஆலையை விட்டு வெளியேறாது. சத்திரப்பட்டியில் கதை வேறு. அங்கே நூல் சந்தையில் கிடைத்தது, வாங்கத்தான் கட்டுப்படியாகவில்லை. தட்டுப்பாடு விலையின் உருவில் வந்தது. 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு 2022 மே மாதத்தில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் அது ஏறத்தாழ அதில் பாதி.

விலை ஏறிய நிலையில், பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை 2022 ஏப்ரல் 14 முதல் மத்திய அரசு நீக்கியது. வெளிநாட்டுப் பஞ்சு கப்பலேறி ஆலை சேரவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் செப்டம்பர் வரை இருந்த சலுகை அக்டோபர் 31 வரை நீண்டது. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை அதே வரி மறுபடியும் நீக்கப்பட்டது.